பழைய பெட்ரோல் பம்ப் கையில் கிடைத்தால்: துடைப்பதற்கு முன் படியுங்கள்

மாயவரம் பக்கம் ஒரு பழைய பஸ் ஷெட்டை இடித்தபோது மூலையில் ஆள் உயரத்துக்கு ஓர் இரும்புப் பெட்டி நின்றது. முகத்தில் வட்டக் கண்ணாடி, பக்கவாட்டில் வெடித்துப்போன ரப்பர் குழாய், காலடியில் கறையான் புற்று. பழைய இரும்புக் கடைக்காரர் எடைக்கு என்ன கொடுப்பாரோ அதைவிடக் கொஞ்சம் கூடக் கொடுத்து வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தேன். இப்படி ஒன்று உங்கள் கைக்கும் வந்தால் என்ன செய்வது, எந்த வரிசையில் செய்வது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எடுத்தவுடன் உப்புத்தாளைக் கையில் எடுக்காதீர்கள். எனக்குக் கிடைத்த முதல் பம்பின் வெளித்தகட்டை ஒரு பட்டறையில் மணல் அடிக்கக் கொடுத்தேன். துரு போனது, அதோடு பெயின்ட்டுக்கு அடியில் இருந்த கம்பெனி எழுத்தும், பெயர்த்தகட்டில் குத்தியிருந்த எண்களும் போய்விட்டன. அது எந்த வருஷத்துப் பம்ப் என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை. அதனால்தான் சொல்கிறேன், முதலில் படியுங்கள், துடைப்பது அப்புறம்.

முதல் வேலை: பெட்ரோலை வெளியேற்றுவது

இருபது வருஷம் சும்மா கிடந்த பம்பிலும் மீட்டருக்குள், வடிகட்டிக்குள், குழாய் வளைவில் பெட்ரோல் தங்கியிருக்கலாம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, மேலே போகாமல் தரையோடு தவழ்ந்து பள்ளத்தில் தேங்கும். காற்றில் 1.4 சதவீதம் கலந்தாலே பற்றிக்கொள்ளும். அதனால் திறந்த வெளியில், களத்துமேடு மாதிரி இடத்தில் வைத்து, அடியில் இருக்கும் வடிகால் போல்ட்டைக் கழற்றி, மூடிகளை எல்லாம் திறந்துவிட்டு நாலைந்து நாள் வெயிலில் விடுங்கள். கிரைண்டர், வெல்டிங், பீடி எதுவும் பக்கத்தில் வேண்டாம். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். உலர்வாகத் தேய்த்தால் அந்தத் தூள் மூச்சுக்குள் போகும், தண்ணீர் தொட்டுத் தேயுங்கள், குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

இரண்டாவது வேலை: வயதைப் படிப்பது

இதற்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள், எனக்கு இந்த வேலையிலேயே மிகவும் பிடித்த நாள் இதுதான். முகப்பில் என்ன அளவு எழுதியிருக்கிறது என்று பாருங்கள். காலன் என்று இருந்தால் மெட்ரிக் முறை வருவதற்கு முந்தியது, லிட்டர் என்றால் பிந்தியது. விலைச் சக்கரத்தில் அணா இருந்தால் 1957 ஏப்ரலுக்கு முந்தியதாக இருக்க வேண்டும், நயா பைசா என்று இருந்தால் 1957-க்கும் 1964-க்கும் நடுவில். சிலர் மேலே லிட்டர் தாளை ஒட்டி மறைத்திருப்பார்கள், ஓரத்தை மெதுவாக நிமிண்டிப் பாருங்கள், அடியில் காலன் தெரியும்.

பிறகு பெயின்ட். மறைவான ஓர் ஓரத்தில் காசு அளவு இடத்தை மட்டும் ஈர உப்புத்தாளால் வட்டமாகத் தேய்த்தால் மரத்தை அறுத்தால் தெரியும் வளையம் போல ஒவ்வொரு நிறமாக வெளியே வரும். அதைப் போட்டோ எடுத்து வையுங்கள். பெட்ரோல் கம்பெனிகளில் எஸ்ஸோ 1974-லும், பர்மா ஷெல்லும் கால்டெக்ஸும் 1976-லும் அரசு கைக்குப் போயின. எனவே அடி வண்ணத்தில் அந்தப் பெயர் ஏதாவது தெரிந்தால் அந்தப் பூச்சு எப்போது பூசியது என்று கிட்டத்தட்டப் பிடித்துவிடலாம்.

உருவமும் பேசும். தலையில் பெரிய கண்ணாடி உருளை இருந்து, கையால் அடித்து அதில் பெட்ரோலை ஏற்றி, அளவு பார்த்து இறக்கும் வகை என்றால் அது 1910-களின் நடுவிலிருந்து 1930-கள் வரை ஓங்கியிருந்த வகை. கடிகாரம் போல முள் சுற்றும் வட்ட முகம் அதற்கு அடுத்தது. அளவும் தொகையும் எண்களாக உருளும் வகை 1930-களில் அமெரிக்காவில் வந்தது, அதன் உள்ளே இருக்கும் பல்சக்கரக் கணக்குப் பெட்டியைத்தான் மெக்கானிக்குகள் கம்ப்யூட்டர் என்கிறார்கள். அதில் வீடர் ரூட் என்ற பெயர் அடிக்கடி தென்படும், ஆனால் அது கணக்குப் பெட்டி செய்தவர்களின் பெயர், பம்ப் செய்தவர்கள் வேறு. கில்பார்கோ, வேய்ன், டோக்கைம், ஏவரி ஹார்டால் போன்ற பெயர்களை வெளிப்பெட்டியிலும் வார்ப்பிலும் தேடுங்கள்.

எந்தப் பெயரும் இல்லையா? போல்ட்டின் மரையை, அதாவது திருகு வரிகளைப் பாருங்கள், எந்த நாட்டு அளவு என்று தெரியும். அரை அங்குல போல்ட்டில் ஓர் அங்குலத்துக்கு 12 மரை இருந்தால் பிரிட்டிஷ் விட்வர்த், 13 இருந்தால் அமெரிக்கன். கால் அங்குலத்திலும் மற்றப் பெரும்பாலான சின்ன அளவுகளிலும் இரண்டும் ஒரே எண்ணிக்கைதான், ஏமாந்துவிடாதீர்கள், அரை அங்குலத்தில் எண்ணுங்கள். லேத் பட்டறையில் மரை கேஜ் கேட்டால் ஐந்து நிமிஷ வேலை. இதைத் தெரிந்துகொள்ளாமல் கிடைத்த போல்ட்டைப் போட்டு முறுக்கினால் வார்ப்பிரும்பின் உள்மரை நைந்துவிடும், அதைத் திருப்பிக் கொண்டுவருவது பெரிய பாடு.

மூன்றாவது வேலை: கழற்றுவது

ஒவ்வொன்றைக் கழற்றும் முன்பும் ஒரு போட்டோ. திருகுகளுக்கு முட்டை அட்டை வைத்துக்கொண்டு குழி குழியாகப் போட்டு எண் எழுதுங்கள். இறுகிய போல்ட்டை அடிக்காதீர்கள், டீசலில் ஊறவிட்டு மறுநாள் வாருங்கள். மீட்டரின் மேல் கம்பி கோத்து ஈய முத்திரை தொங்கும், எடையளவுத் துறைக்காரர்கள் போட்டது, அதை வெட்டாமல் முடிந்தவரை காப்பாற்றுங்கள்.

உள்ளே வரிசை இப்படி இருக்கும். மோட்டார் பெல்ட் மூலம் பம்பைச் சுற்றும், பம்ப் பெட்ரோலை இழுத்து வடிகட்டி வழியாகத் தள்ளும், காற்றைப் பிரிக்கும் அறையில் குமிழ்கள் போகும், பிறகு மீட்டர், அதிலிருந்து ஓர் அச்சு மேலே போய் கணக்குப் பெட்டியைச் சுற்றும். குழாய்க்குப் போகும் வழியில் சின்னக் கண்ணாடிக் குமிழ், சிலவற்றில் உள்ளே காற்றாடி. பெட்ரோல் உண்மையிலேயே வருகிறதா என்று வாடிக்கையாளர் பார்ப்பதற்காக வைத்தது அது.

நான்காவது வேலை: பாகம் பாகமாகச் சரிசெய்வது

முதலில் காந்தம். ஒட்டினால் இரும்பு, வார்ப்பிரும்பு. ஒட்டாததில் மஞ்சளாக இருப்பது பித்தளை, லேசாக இருப்பது அலுமினியம், சாம்பல் நிறத்தில் கனமாக இருப்பது துத்தநாக வார்ப்பு. கணக்குப் பெட்டியின் சட்டம் இந்த வகையாக இருந்து, மெல்லிய வெடிப்பு ஓடி, உப்பியிருந்தால் உலோகமே உள்ளுக்குள் அழுகுகிறது என்று அர்த்தம். அதைத் தட்டி நிமிர்த்த முயலாதீர்கள், வேறு பெட்டிதான் தேட வேண்டும்.

இரும்புக்கு மின்சாரக் குளியல் நல்லது. பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர், ஐந்து லிட்டருக்கு ஒரு பெரிய கரண்டி சலவை சோடா, பேட்டரி சார்ஜரின் மைனஸை பாகத்திலும் பிளஸை ஒரு வேண்டாத இரும்புத் தகட்டிலும் மாட்டுங்கள், இரண்டும் தொடக்கூடாது. ஒரு ராத்திரியில் துரு கறுத்து உதிரும். பிளஸ் பக்கம் எவர்சில்வர் வைக்கவே கூடாது, விஷமான குரோமியம் தண்ணீரில் இறங்கும். ஹைட்ரஜன் வாயு கிளம்பும், எனவே இதுவும் வெளியில்தான். அலுமினியத்தையும் துத்தநாகத்தையும் இந்தத் தொட்டியில் போடாதீர்கள், கரைந்துவிடும். பித்தளைக்குப் புளி போதும், வீட்டில் குத்துவிளக்கு தேய்க்கிற அதே கைவேலைதான். ஆனால் எழுத்து பொறித்த தகடு என்றால் அழுத்தாதீர்கள்.

மீட்டர் பிஸ்டனில் தோல் வாஷர் இருக்கும், காய்ந்து விறைத்திருக்கும். விளக்கெண்ணெயில் இரண்டு நாள் ஊறவைத்தால் பல நேரம் உயிர் வந்துவிடும், வராவிட்டால் பழையதையே அச்சாக வைத்துப் புதிய தோலில் வெட்டிக்கொள்ளலாம். இணைப்பில் கசியாமல் இருக்க வைக்கும் கார்க் கேஸ்கெட் எளிது, அதிகம் யோசிக்க வேண்டாம்.

காணாமல்போன பித்தளைப் பாகத்துக்கு வெளிநாட்டில் தேடி அலைவதைவிட நம்மூர்க் கையை நம்பலாம். நாச்சியார்கோவிலில் விளக்கு வார்க்கிறார்கள், சுவாமிமலையில் ஸ்தபதிகள் மெழுகில் உரு செய்து, காவிரி வண்டல் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி உலோகம் ஊற்றுகிறார்கள். நாசிலின் கைப்பிடியோ மூடியோ அவர்களுக்குக் கஷ்டமே இல்லை. ஒன்றை மட்டும் முன்பே பேசிக்கொள்ளுங்கள்: பழைய பாகத்தை அப்படியே அச்செடுத்தால் புதியது ஆறும்போது சுருங்கும், பித்தளை 100 மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர். மெழுகு உருவை அந்த அளவுக்குப் பெரிதாக்கி, துளையையும் மரையையும் பிற்பாடு லேத்தில் போடச் சொல்லுங்கள்.

பெயின்ட்

ஐப்பசி, கார்த்திகையில் தொடாதீர்கள். அடைமழை ஈரத்தில் பூசினால் பூச்சுக்கு அடியிலேயே துரு கொப்பளிக்கும், நாகப்பட்டினம், வேளாங்கண்ணிப் பக்கம் உப்புக் காற்றும் சேர்ந்துகொள்ளும். பங்குனி, சித்திரையில் ரெட் ஆக்சைடு ஒரு பூச்சு, நன்றாகக் காய்ந்தபின் நிறம். பழைய எழுத்து படிக்கிற அளவுக்கு இருந்தால் அந்தப் பக்கத்தை மட்டும் பூசாமல் விட்டு மெழுகு தேயுங்கள், என் ஓட்டு எப்போதும் அதற்குத்தான்.

முடித்ததும் இதில் பெட்ரோல் ஊற்றி ஓட்டிப் பார்க்கும் ஆசை வரும், வேண்டாம். பெட்ரோலை அதிக அளவில் சேமிக்கவும் விற்கவும் உரிமம் வேண்டும், பழைய மோட்டாரின் தீப்பொறித் தடுப்பை நம்பவும் முடியாது. அச்சைக் கையால் சுற்றினாலே போதும், எண்கள் உருளும். சுற்றி முடித்ததும் மீட்டருக்குள் கொஞ்சம் மெஷின் ஆயில் விட்டு, குழாய் வாயைத் துணியால் அடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஒரே வாரத்தில் குளவி கூடு கட்டிவிடும்.