ஸ்மாஷ் அப்புறம், முதல் பந்தை எடுங்கள்: வாலிபாலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சாயங்காலம் ஐந்தரை மணிக்கு ஏதாவது ஒரு ஊர் வாலிபால் கோர்ட்டுக்குப் போய்ப் பாருங்கள். ஆட்டம் தொடங்கும் முன் ஒருத்தர் நெட் ஓரமாக நின்று பந்தைத் தூக்கிக் கொடுத்துக்கொண்டிருப்பார், மற்ற எல்லோரும் வரிசையில் நின்று ஸ்மாஷ் அடித்துக்கொண்டிருப்பார்கள், வேலியோரம் போய் விழும் பந்தை எடுத்து வர நாலு பொடிப் பையன்கள் ஓடிக்கொண்டிருப்பார்கள். அரை மணி நேரம் இதேதான். ஒருத்தர்கூட எதிரிலிருந்து சர்வீஸ் போடச் சொல்லி எடுத்துப் பழக மாட்டார். அப்புறம் ஆட்டம் தொடங்கும். முதல் சர்வீஸே பின்வரிசைக்காரர் கையில் பட்டுப் பக்கத்து வீட்டு மாட்டுக்கொட்டகைக்குப் போகும்.

பல வருஷம் ஆடி, முழங்கால் போதும் என்று சொன்ன பிறகு இப்போது பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன், சுற்றுவட்டாரப் போட்டிகளில் விசிலும் ஊதுகிறேன். ஊர் ஆட்டங்களில் பாயிண்ட் எங்கே போகிறது என்று கேட்டால் என் பதில் ஒன்றுதான்: முதல் பந்தில் போகிறது. அடித்தவனைப் பார்த்துக் கைதட்டுகிறோம், ஆனால் அந்த அடிக்கு வழிவிட்டது அதற்கு முன்னால் நாம் கோட்டைவிட்ட ரிசீவ், அதாவது எதிரணி சர்வீஸை எடுத்த விதம்.

ரிசீவில் நடக்கும் முதல் தவறு, பந்து வரும்போது கையை வீசுவது. ஓங்கி வருகிற சர்வீஸ் அதன் வேகத்தைத் தானே கொண்டுவருகிறது, நீங்களும் கையை வீசினால் அது கூரைக்குத்தான் போகும். முழங்கை மடங்காமல், இரண்டு கட்டைவிரலும் பக்கத்துப் பக்கத்தில் கீழே பார்த்தபடி இருக்க, மணிக்கட்டுக்கும் முழங்கைக்கும் நடுவில் இருக்கும் தட்டையான இடத்தில் பந்தை வாங்க வேண்டும். கை ஒரு பலகை மாதிரி சும்மா இருக்கட்டும், பந்து எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் பலகையைச் சாய்த்தால் போதும். மெதுவாக வருகிற பந்தைத் தூக்கிவிட வேண்டுமென்றால் அந்த வேகம் முழங்காலிலிருந்து வரட்டும். கையில் பந்து பட்ட தடம் எங்கே சிவந்திருக்கிறது என்று ஆட்டம் முடிந்ததும் பாருங்கள். மணிக்கட்டு எலும்பிலோ கட்டைவிரலிலோ சிவந்திருந்தால் பந்துக்குக் கால் போய்ச் சேரவில்லை, கையை மட்டும் நீட்டியிருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

இதைவிட மோசமான பழக்கம் ஒன்று உண்டு, கையைக் கோத்துக்கொண்டே ஓடுவது. சாமி கும்பிடப் போகிறவர் மாதிரி இரண்டு கையையும் முன்னால் சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஓடினால் எப்படி வேகம் வரும்? முதலில் ஓடி இடத்துக்குப் போங்கள், நின்ற பிறகு கையைச் சேருங்கள். விரல்களைப் பின்னல் போலக் கோக்கவும் வேண்டாம். ஒரு கைமேல் இன்னொரு கையை வைத்தால் போதும், பிரிக்கவும் சுலபம், விரலும் பிழைக்கும்.

சர்வீஸ் பலமாக வந்தால் செட்டர் (அடிப்பவருக்குப் பந்தைத் தூக்கிக் கொடுப்பவர்) கைக்கே நேராகக் கொடுத்தாக வேண்டும் என்ற ஆசையை விட்டுவிடுங்கள். நல்ல பந்தென்றால் நெட்டின் நடுவுக்குச் சற்று வலது பக்கமாக, செட்டர் நிற்கும் இடத்துக்குக் கொடுக்கலாம். கஷ்டமான பந்தென்றால் நம் கோர்ட்டின் நடுவில் உயரமாக எழுப்பிவிட்டால் போதும், செட்டர் ஓடி வந்து எடுத்துக்கொள்வார். நெட்டுக்கு மிக அருகில் கொடுக்கப் பார்த்து எதிரணி அட்டாக்கர் கையில் வைத்துக் கொடுப்பதைத்தான் நான் வாரம் ஒருமுறையாவது பார்க்கிறேன்.

அப்புறம் இருக்கவே இருக்கிறது, இரண்டு பேருக்கு நடுவில் விழும் பந்து. ஒரு ராத்திரிப் போட்டி, அரையிறுதி, 23-24. எதிரணி சர்வீஸ், ஒன்றும் பெரிய சர்வீஸ் இல்லை, லேசாகத் தூக்கிப் போட்டது. பின்வரிசையில் இருந்த இரண்டு பேரும் சொந்த மாமன் மச்சான். மச்சான் எடுப்பான் என்று மாமன் அரை அடி பின்வாங்க, மாமாவே எடுக்கட்டும் என்று மச்சான் மரியாதையாக ஒதுங்க, பந்து இரண்டு பேருக்கும் நடுவில் டொப்பென்று விழுந்தது. செட் போச்சு, ஆட்டமும் போச்சு. இரண்டு பேரும் நல்ல ஆட்டக்காரர்கள், வாயைத் திறக்கவில்லை, அவ்வளவுதான். 'நான்' என்று ஒரு வார்த்தை, பந்து நெட்டைத் தாண்டும் முன்பே சொல்ல வேண்டும். முன்னால் நிற்பவருக்கும் பின்னால் நிற்பவருக்கும் நடுவே வருகிற பந்தைப் பின்னால் நிற்பவர் எடுப்பது நல்லது, அவருக்குப் பந்து கண்ணெதிரே இருக்கிறது, முன்னால் இருப்பவர் பின்னோக்கி நகர்ந்துகொண்டே எடுக்க வேண்டியிருக்கும். பக்கவாட்டில் யார் எடுப்பது என்பதை ஆட்டத்துக்கு முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

சர்வீஸுக்கு வருவோம். ஒவ்வொரு முறையும் உயிரைக் கொடுத்து அடிப்பது பழைய காலத்துப் பழக்கம். அப்போது சர்வீஸ் நம்மிடம் இருந்தால்தான் பாயிண்ட், ஒரு செட்டுக்கு 15 பாயிண்ட். சர்வீஸ் நெட்டில் விழுந்தால் சர்வீஸ் மட்டும்தான் கைமாறும், எதிரணிக்குப் பாயிண்ட் ஏறாது. 1999-லிருந்து அது மாறிவிட்டது. இப்போது யார் சர்வீஸ் போட்டாலும் ஒவ்வொரு பந்துக்கும் பாயிண்ட் உண்டு, செட் 25 வரை போகும், ஐந்தாவது செட் வந்தால் 15, எதிலும் இரண்டு பாயிண்ட் வித்தியாசம் வேண்டும். அதனால் நெட்டில் அடித்த ஒவ்வொரு சர்வீஸும் நாமே எழுதிக் கொடுத்த பாயிண்ட். ஒரு நீளமான ரேலியைக் கஷ்டப்பட்டு ஜெயித்துவிட்டு, மூச்சு வாங்க ஓடிப்போய், அடுத்த நொடியே சர்வீஸை நெட்டில் போடுகிறவரைப் பார்த்தால் எனக்கு வருகிற கோபம் கொஞ்சநஞ்சமல்ல. விசில் ஊதிய பிறகு 8 விநாடி இருக்கிறது ஐயா, மூச்சு விட்டுவிட்டுப் போடுங்கள்.

சர்வீஸ் கெடுவது பெரும்பாலும் அடிக்கும் கையால் அல்ல, தூக்கிப்போடும் கையால். தலைக்குப் பின்னால் போன பந்தை எட்டிப் பிடித்து அடித்தால் அது வெளியேதான் போகும். அடிக்கும் தோளுக்கு நேர் முன்னால், ஒவ்வொரு முறையும் அதே உயரத்துக்குப் போடப் பழகுங்கள். தூக்கிப்போட்டது சரியில்லை என்று பந்தைக் கீழே விட்டுவிட்டு இன்னொரு முறை போடுகிற வழக்கம் ஊர் ஆட்டத்தில் உண்டு, விதிப்படி அது தவறு, சர்வீஸ் போய்விடும். கோட்டை மிதிப்பதும் அப்படித்தான்: பந்தை அடிக்கும் நொடியில், ஜம்ப் சர்வீஸ் என்றால் எழும்பும் நொடியில், கால் பின்கோட்டில் படக்கூடாது. அடித்த பிறகு உள்ளே வந்து இறங்கலாம். பலம் போதாதவர்கள் ஃப்ளோட் சர்வீஸ் பழகுங்கள். உள்ளங்கையின் அடிப்பகுதியால் பந்தின் நடுவில் சுருக்கென்று ஒரு தட்டு, மணிக்கட்டை மடக்கக்கூடாது, பந்து சுழலக்கூடாது. சுழலாத பந்து காற்றில் ஆடி ஆடிப் போகும், எடுக்கிறவருக்குத் தலைவேதனை.

எல்லோருக்கும் பிடித்த ஸ்மாஷுக்கு இப்போது வரலாம். பயிற்சிக் கோர்ட்டில் நெட்டைக் கொஞ்சம் தாழ்த்திக் கட்டிக்கொள்வது இங்கே பெரிய வியாதி. ஆண்களுக்கு நெட்டின் உயரம் 2.43 மீட்டர், கிட்டத்தட்ட 8 அடி. பெண்களுக்கு 2.24 மீட்டர். நடுவில் அளந்தால் அது சரியாக இருக்க வேண்டும், ஓரங்களில் அதைவிட 2 சென்டிமீட்டருக்கு மேல் கூடக்கூடாது. நம் ஊர் நெட் நடுவில் தொட்டில் மாதிரி தொங்கும், அதில் அடித்து 'செம அடி' என்று பெயர் வாங்கிவிட்டுப் போட்டிக்குப் போனால் அடிப்பதெல்லாம் நெட்டிலேயே நிற்கும். 1895-ல் அமெரிக்காவில் ஹோலியோக் என்ற ஊரில் வில்லியம் மார்கன் இந்த ஆட்டத்தை உருவாக்கியபோது நெட் ஆறரை அடி உயரம்தான். சில பேர் இன்னும் அங்கேயே இருக்கிறார்கள். ஒரு டேப் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், பெரிய செலவில்லை.

அடுத்தது அவசரம். பந்து செட்டர் கையை விட்டுக் கிளம்பும் முன்பே அட்டாக்கர் ஓடி நெட்டுக்கடியில் போய் நின்றுவிடுவார். அங்கிருந்து நின்ற நிலையில் குதித்தால் உயரம் வராது, பந்தும் தலைக்கு மேலேயோ பின்னாலேயோ இருக்கும், அதை அடித்தால் அவுட். உயரமான பந்து என்றால் அது எழும்பி எங்கே போகிறது என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள், தாமதமாகக் கிளம்பி வேகமாகப் போங்கள். வலதுகைக்காரருக்குக் கடைசி மூன்று எட்டு இடது, வலது, இடது. கடைசி இரண்டும் டக்டக்கென்று விழ வேண்டும். பந்து அடிக்கும் தோளுக்கு முன்னால் இருக்க வேண்டும். எதிரில் இரண்டு பேர் பிளாக்குக்கு, அதாவது நெட் ஓரத்திலேயே அடியைக் கையால் தடுக்க, எழும்பி நிற்கும்போதும் நடுவில் அடித்தே தீருவேன் என்பது வீராப்பு. பிளாக்கர் கையின் வெளி ஓரத்தில் அடித்து வெளியே தள்ளினாலும் பாயிண்ட்தான், பின்னால் காலி இடத்தில் மெல்லத் தட்டிவிட்டாலும் பாயிண்ட்தான்.

இதில் செட்டர் மேலும் பழி உண்டு. நெட்டை ஒட்டித் தூக்கிக் கொடுத்தால் அட்டாக்கர் நெட்டில் கை வைக்காமல் அடிக்கவே முடியாது. இரண்டு மூன்று அடி தள்ளிக் கொடுங்கள். உள்ளங்கையில் பட்டு 'தப்' என்று சத்தம் வந்தால் நடுவர் காது நிமிர்ந்துவிடும். சத்தத்துக்காக ஃபவுல் இல்லைதான், ஆனால் அப்படிப் படும் பந்து பெரும்பாலும் கையில் தங்கிவிடுகிறது அல்லது இரண்டு கையிலும் முன்பின்னாகப் படுகிறது. விரல்களை விரித்து, நெற்றிக்கு மேலே, இரண்டு கையும் ஒரே நேரத்தில் தொட வேண்டும். கட்டைவிரலைப் பந்தை நோக்கி நீட்டாதீர்கள், சுளுக்கு நிச்சயம்.

பிளாக்கில் எல்லோரும் பந்தையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். செட்டர் கையை விட்டதும் பந்து போகும் திசையைப் பார்த்துவிட்டு, கண்ணை அட்டாக்கர் மேல் திருப்புங்கள். அவர் தோள் எங்கே திரும்புகிறதோ பந்தும் பெரும்பாலும் அங்கேதான் வரும். உயரமான பந்துக்கு அவர் எழும்பிய பிறகு சற்றே தாமதித்து எழும்புங்கள். கையை மேலிருந்து கீழே அறைவது போல வீசினால் நெட் டச். கையை நேராக மேலே கொண்டுபோய், நெட்டுக்கும் கைக்கும் இடைவெளி விடாமல், எதிர்ப்பக்கம் லேசாகச் சாய்த்தால் போதும். பின்வரிசைக்காரர் பிளாக் செய்யக்கூடாது. ஸ்மாஷும் அவர் 3 மீட்டர் கோட்டுக்குப் பின்னால் எழும்பித்தான் அடிக்க வேண்டும், எழும்பும்போது கோட்டை மிதித்தாலும் ஃபவுல். பல ஊர்களில் அந்தக் கோடே போடுவதில்லை, அதனால்தான் போட்டிக்கு வந்ததும் மாட்டிக்கொள்கிறார்கள்.

விதிகளில் பாதிச் சண்டை பழைய ஞாபகத்தால் வருகிறது. சர்வீஸ் நெட்டில் உரசி எதிர்ப்பக்கம் விழுந்தால் இப்போது செல்லும், 2000-களின் தொடக்கத்திலேயே மாறிவிட்டது. காலில் பட்டாலும் செல்லும், உடம்பின் எந்தப் பகுதியும் பந்தைத் தொடலாம். கோட்டில் விழுந்த பந்து உள்ளேதான். பிளாக்கில் பட்டது ஒரு டீமுக்கு உள்ள மூன்று தொடுதலில் சேராது, பிளாக் செய்தவரே அடுத்த தொடுதலையும் எடுக்கலாம். இது தெரியாமல் பிளாக்கில் பட்ட பந்தை அவசரமாக இரண்டே தொடுதலில் எதிர்ப்பக்கம் அனுப்பி வைக்கிற டீம்கள் எத்தனையோ!

ரொட்டேஷனில், அதாவது ஆட்டக்காரர்கள் இடம் மாறுவதில், கேட்க வேண்டியது ஒன்றுதான்: சர்வீஸ் எதிரணியிடமிருந்து நமக்கு வந்ததா? வந்தால் கடிகாரம் சுற்றும் திசையில் ஒரு இடம் நகருங்கள். நாமே சர்வீஸ் போட்டு நாமே ஜெயித்தால் நகரக்கூடாது. சர்வீஸ் எடுக்கும் பக்கத்தில் இன்னொரு தப்பு நடக்கும், பின்வரிசையில் இருக்கும் செட்டர் எதிரணி பந்தை அடிக்கும் முன்பே முன்னால் நழுவி வந்துவிடுவார். சர்வீஸ்காரர் கை பந்தில் படும் நொடி வரை அவரவர் வரிசையில் இருக்க வேண்டும், பட்டதும் ஓடலாம்.

லிபரோ, அதாவது பின்வரிசையில் பந்தெடுக்கவே வரும் தனி ஆட்டக்காரர் பற்றி ஒரு வார்த்தை. 1998 வாக்கில் வந்த இந்த இடத்தை ஊரில் பல டீம்கள் அடிக்கத் தெரியாதவருக்குக் கொடுக்கும் ஆறுதல் பரிசாக நினைக்கின்றன. வேறு கலர் பனியன் போட்டு, டீமிலேயே பலவீனமான ஆளை உள்ளே அனுப்புகிறார்கள். முதல் பந்தை எடுக்கவே வந்த ஆள் அவர், டீமில் மிகச் சிறந்த ரிசீவ் யாருடையதோ அவருக்குத்தான் அந்தப் பனியன் போக வேண்டும். லிபரோ 3 மீட்டர் கோட்டுக்கு முன்னால் நின்று விரல்களால் மேலே தூக்கிக் கொடுத்த பந்தை நெட் உயரத்துக்கு மேலே வைத்து யாரும் அடிக்கக்கூடாது என்பதையும் அவரிடம் சொல்லி வையுங்கள், அங்கே அண்டர்ஹேண்டில் கொடுத்தால் பிரச்சினை இல்லை.

கடைசியாகக் கணுக்கால். நடுக்கோட்டைத் தாண்டிப் பாதம் போனாலும் அதில் ஒரு பகுதி கோட்டின் மேல் இருந்தால் ஃபவுல் இல்லை என்கிறது விதி. ஆனால் நெட்டுக்கடியில் எதிராளியின் பாதத்தின் மேல் இறங்கிய கணுக்காலுக்கு விதி தெரியாது. ஓடி வந்த வேகத்தில் முன்னோக்கிப் பாய்வதுதான் காரணம். கடைசி எட்டில் குதிகாலை ஊன்றி வேகத்தை மேல்நோக்கித் திருப்புங்கள், இரண்டு காலிலும் சேர்த்து, முழங்கால் மடங்க இறங்குங்கள். என் டீமில் நன்றாக அடித்துக்கொண்டிருந்த ஒரு பையன் போன மாசியில் ஒற்றைக் காலில் அடுத்தவன் ஷூ மேல் இறங்கினான். ஆடி பிறந்த பிறகுதான் திரும்பி வந்தான். வந்த முதல் நாளே ஸ்மாஷ் வரிசையில் போய் நின்றான், பிடித்து இழுத்து வந்து பின்வரிசையில் ரிசீவ் எடுக்க விட்டிருக்கிறேன்.