எல்லையை ஒட்டிப் பக்கத்து வீட்டார் கட்டும்போது: எதை, யாரிடம், எப்போது கேட்பது

பக்கத்து மனையில் வானம் (அடித்தளக் குழி) தோண்ட ஆட்கள் வந்து நிற்கும் காலையில்தான் பெரும்பாலான எல்லைத் தகராறுகள் வெடிக்கின்றன. அவை ஆண்டுக்கணக்கில் இழுபடுவதற்கு முக்கியக் காரணம், மூன்று வெவ்வேறு குறைகளை ஒன்றாகக் குழைத்துப் பேசுவதே. பக்கத்து வீட்டார் உங்கள் நிலத்துக்குள் வந்துவிட்டார் என்பது ஒன்று. தம் நிலத்துக்குள்ளேயே நின்றாலும் விதிப்படி விட வேண்டிய இடைவெளியை விடவில்லை என்பது இன்னொன்று. இரண்டிலும் பிழையில்லாதபோதும் அவருடைய வேலையால் உங்கள் சுவர் வெடிக்கிறது, மழைநீர் உங்கள் பக்கம் கொட்டுகிறது என்பது மூன்றாவது. முதலாவதற்குப் பத்திரமும் நில அளவையும் சான்று, பேச்சில் முடியாவிட்டால் நீதிமன்றம். இரண்டாவதற்குச் செல்ல வேண்டிய இடம் கட்டட அனுமதி வழங்கிய அலுவலகம். மூன்றாவதற்கு வேண்டியவை தேதியிட்ட புகைப்படங்களும் பொறியாளரின் அறிக்கையும். உங்கள் குறை எது என்று தெளிவாகாமல் வேலி ஓரம் நின்று குரல் உயர்த்துவதால் பகைதான் மிஞ்சும்.

எல்லைக் கோட்டைப் பொறுத்தவரை, இருக்கிற சுற்றுச்சுவரே எல்லை என்று முடிவு செய்துவிடாதீர்கள். முன்பு கட்டியவர் தம் நிலத்துக்குள் அரையடி தள்ளிக் கட்டியிருக்கலாம். வசதிக்காகச் சற்றே வளைத்தும் எழுப்பியிருக்கலாம். பத்திரத்தையும் அளவை வரைபடத்தையும் எடுத்துக்கொண்டு, இரு வீட்டாரும் உடனிருக்க, தகுதிபெற்ற நில அளவரைக் கொண்டு அளப்பதே முறை. சொந்தமாக நாடா பிடித்து அளந்தது பேச்சைத் தொடங்க உதவும், அதற்கு மேல் உதவாது: நாடா நடுவில் தொய்ந்தாலோ, சரிவான தரையோடு தரையாகப் பிடித்தாலோ, அது காட்டும் நீளம் கிடைமட்ட நீளத்தைவிடக் கூடுதலாகவே இருக்கும். அளவர் நட்ட குறிகளுக்கிடையே இறுக்கமாக ஒரு நூல் கட்டி, அதைப் பல கோணங்களில் படமெடுத்து, வரைபடத்தில் இருவரும் கையொப்பமிடுவது நல்லது. செலவையும் பாதிப் பாதியாக ஏற்றால், பிறகு யாரும் ‘உங்கள் ஆள் அளந்தது’ என்று சொல்ல முடியாது.

நூல் கட்டியதும் பலரும் சுவரை மட்டுமே பார்க்கிறார்கள். சுவர் கோட்டைத் தொடாமல் நிற்க, அதைத் தாங்கும் அடித்தளமோ சுவரைவிடப் பல மடங்கு அகலமாக விரிந்து, மண்ணுக்கடியில் உங்கள் பக்கம் வந்திருக்கலாம். கான்கிரீட் ஊற்றி மண் மூடிய பின் அதைக் கண்டுபிடிக்க மறுபடியும் தோண்டத்தான் வேண்டும் என்பதால், குழி திறந்திருக்கும் நாளிலேயே நூலிலிருந்து தூக்குக்குண்டை இறக்கிப் பார்த்துவிடுங்கள். மேலே எழும்போது ஜன்னல் சன்ஷேடு, கூரை விளிம்பு, தண்ணீர்க் குழாய் ஆகியவற்றுக்கும் இதே சோதனைதான்.

இடைவெளி விதி ஊருக்கு ஊர், கட்டடத்தின் உயரத்துக்கு உயரம் மாறுகிறது. ஆகவே அனுமதி பெற்ற வரைபடத்தைப் பார்க்காமல் புகார் எழுதுவது வீண். கிறிஸ்துவுக்கு முன் 450 வாக்கில் உருவான ரோமானியரின் பன்னிரு பலகைச் சட்டமே கட்டடத்தைச் சுற்றி இரண்டரை அடி விடச் சொன்னது என்றால், இந்தச் சச்சரவு எவ்வளவு பழையது என்று பாருங்கள். தீ பரவாமல் தடுப்பது, வெளிச்சம், காற்று, சுவரைப் பழுதுபார்க்க ஆள் நுழையும் வழி என இடைவெளிக்கான காரணங்களும் பெரிதாக மாறவில்லை. புகார் கொடுக்கும் முன் உங்கள் வீடு விட்டிருக்கும் இடைவெளியையும் ஒருமுறை அளந்துகொள்ளுங்கள், ஏனெனில் சோதனைக்கு வரும் அதிகாரி இரு பக்கமும் பார்ப்பார்.

உண்மையில் அதிக ஆபத்து எல்லைக் கோட்டில் இல்லை, குழியின் ஆழத்தில் இருக்கிறது. உங்கள் அடித்தளத்தின் கீழ் விளிம்பிலிருந்து சாய்வாக 45 பாகைக் கோடு ஒன்றைப் பக்கத்து மனையை நோக்கி மனத்தால் வரையுங்கள். அவர் தோண்டுவது அந்தக் கோட்டை வெட்டினால், உங்கள் வீட்டைத் தாங்கும் மண்ணையே அவர் எடுக்கிறார் என்று கொள்ளலாம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நடைமுறையில் உள்ள 1996-ஆம் ஆண்டுப் பொதுச்சுவர்ச் சட்டம், பக்கத்துக் கட்டடத்திலிருந்து 3 மீட்டருக்குள் அதன் அடித்தளத்தைவிட ஆழமாகத் தோண்டுபவரும், 6 மீட்டருக்குள் தோண்டி இந்த 45 பாகைக் கோட்டை வெட்டுபவரும் ஒரு மாதத்துக்கு முன்பே எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்கிறது. அப்படியொரு சட்டம் இல்லாத இடத்திலும் நீங்கள் கேட்கக்கூடியவை உண்டு: ஒரே மூச்சில் முழு நீளமும் தோண்டாமல் பகுதி பகுதியாகத் தோண்டுவது, பக்கங்களுக்கு முட்டுக் கொடுப்பது, மழைநீர் தேங்கும் முன் கான்கிரீட் போட்டு மூடுவது.

வேலை தொடங்குமுன் உங்கள் வீட்டுச் சுவர்களை அறை அறையாகப் படமெடுத்து வையுங்கள். ஏற்கெனவே இருக்கும் விரிசல்களையும் மறைக்க வேண்டாம்; அவற்றின் இரு முனையிலும் பென்சிலால் கோடிட்டுத் தேதி எழுதி, குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டொன்றை ஒட்டிவிட்டால், சுவர் அசையும்போது கண்ணாடி உடைந்து காட்டிக்கொடுக்கும்.

பேச்சை முதலில் வீட்டுக்காரரிடமே தொடங்குங்கள், கொத்தனாரிடம் வேண்டாம்; கொத்தனார் தமக்குக் கொடுக்கப்பட்ட வரைபடத்தின்படி கட்டுபவர். நேரில் பேசியதை அன்றே சுருக்கமாகக் கடிதமாக எழுதி அனுப்பிவிடுங்கள். பலனில்லையென்றால் தாமதமின்றி அனுமதி அலுவலகத்தில் எழுத்துமூலம் புகார் தந்து, தேவையானால் வழக்கறிஞர் வழியே இடைக்காலத் தடை கேளுங்கள். கூரை போடும் வரை பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தவருக்குத் தடை கிடைப்பது கடினம். பல இடங்களில் இடிக்கச் சொல்வதற்குப் பதில் இழப்பீட்டோடு முடித்துவிடவும் கூடும்.

சமரசம் ஏற்பட்டால், யார் எதை, எந்தத் தேதிக்குள் செய்வார், விரிசல் வந்தால் யார் செலவில் சரிசெய்வது என்பதை அளவை வரைபடத்தோடு இணைத்து எழுதி, இருவரும் கையொப்பமிட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். கட்டடம் முடிந்து ஒரு மழைக்காலம் கடந்ததும், அந்தக் கண்ணாடித் துண்டுகளை இருவரும் சேர்ந்து ஒருமுறை பார்ப்பது என்ற வரியையும் அதில் சேர்த்துவிடுங்கள்.