சத்து மாத்திரையை எண்ணுவது எப்படி?

கர்ப்பிணிக்கு எத்தனை மாத்திரை கொடுத்தார்கள் என்பது சுகாதார நிலையத்துப் பதிவேட்டில் இருக்கும். எத்தனை வயிற்றுக்குள் போயின என்பதை வீட்டுக்குப் போய்த்தான் எண்ண வேண்டும். பதினைந்து சத்துகள் சேர்ந்த யூனிமாப் மாத்திரையை வழக்கமான இரும்பு–ஃபோலிக் அமில மாத்திரையோடு ஒப்பிடும் ஆய்வானாலும், இந்த எண்ணிக்கை தப்பினால் மற்ற எல்லாமே தப்பு. தமிழ்நாட்டுக் கிராமங்களில் இந்த வேலைக்கு இறங்கும் குழுவுக்காக எழுதியது இது.

முதலில் ஆள்கணக்கு. சமவெளியில் ஒரு துணை சுகாதார நிலையத்துக்குச் சுமார் 5,000 பேர். ஆயிரத்துக்கு 14 பிறப்பு என்று வைத்தால் ஆண்டுக்கு 70 பிரசவம். ஒரு நேரத்தில் கர்ப்பமாக இருப்பவர்கள் ஏறக்குறைய 50. மாத்திரை நான்காம் மாதத்தில்தான் தொடங்கும் என்பதால் 35 பேர்தான் தேறுவார்கள். 300 பேர் வேண்டுமானால் ஒன்பது துணை நிலையங்களாவது தேவை. தலைப்பிரசவக்காரர்கள் வளைகாப்பு முடிந்ததும் தாய்வீடு போய்விடுவார்கள். அதனால் முதல் நாளே தாய்வீட்டு ஊரையும் அங்கே யார் போன் எடுப்பார்கள் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். கணவர் எண் மட்டும் போதாது, பகலில் அவர் வேலையில் இருப்பார்.

நெறிமுறைக் குழுவின் அனுமதி இல்லாமல் ஒரு வீட்டுப் படியும் ஏறக்கூடாது. மாத்திரைகளை ஒப்பிடும் சோதனை என்றால், முதல் ஆளைச் சேர்ப்பதற்கு முன்பே சி.டி.ஆர்.ஐ. என்ற இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் பதிவு செய்திருக்க வேண்டும். மாத்திரையே கொடுக்காத பிரிவு வேண்டவே வேண்டாம். பல சத்து மாத்திரையைக் கர்ப்பிணிகளிடம் சோதித்த வங்கதேசத்தின் ஜிவிட்டா-3 ஆய்விலும் ஒப்பீட்டுப் பிரிவுக்கு இரும்பு–ஃபோலிக் அமிலம் கிடைத்தது. ஒப்புதல் படிவத்தைத் தமிழில் வாசித்துக் காட்டுங்கள். மாமியார் தலையாட்டினால் அது ஒப்புதல் ஆகாது.

இனி எண்ணிக்கை. 28 நாள் சுற்றுக்கு 28 மாத்திரை கொடுக்காதீர்கள். "எல்லாம் தீர்ந்திருக்கணும்" என்று அவருக்குத் தெரிந்துவிட்டால், நீங்கள் வரும் நாளில் மிச்சம் குப்பைக்குப் போகும். 35 கொடுங்கள். வீட்டில் ஏற்கெனவே இருப்பதையும் கேட்டு வாங்கி எண்ணுங்கள். பீரோவுக்கு மேல், அரிசி டப்பாவுக்குப் பின்னால், பழைய கைப்பையில் என்று மூன்று இடத்திலாவது இருக்கும்.

"சத்து மாத்திரை" என்று வீட்டில் சொல்வது இரும்பு மாத்திரையாகவும் இருக்கும், கால்சியமாகவும் இருக்கும். கையில் மாத்திரையைக் காட்டித்தான் கேட்க வேண்டும். கர்ப்பிணிக்கானது சிவப்பு: 60 மில்லிகிராம் இரும்பு, 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம். அதே டப்பாவில் நீல மாத்திரை கிடந்தால் அது பள்ளிக்குப் போகும் நாத்தனாருடைய வாராந்திர மாத்திரையாக இருக்கும், கணக்கில் சேர்த்துவிடாதீர்கள்.

ஒரு வீட்டுக் கணக்கு இப்படி இருக்கும்: பழையது 12, புதிதாகக் கொடுத்தது 35, ஆக 47. 28 நாள் கழித்து மிச்சம் 24, குறைந்தது 23. அதில் 3 மாமியாருக்குப் போனது, எனவே விழுங்கியது 20. 28-ல் 20 என்றால் 71 சதவீதம். விழுங்கியபின் வாந்தி எடுத்ததைத் தனிக் கட்டத்தில் குறியுங்கள், கழிக்காதீர்கள்.

வகுக்கும் எண்ணில்தான் பலர் சறுக்குவது. ரத்தசோகை இருப்பவருக்கு நாளைக்கு இரண்டு மாத்திரை எழுதிக் கொடுத்திருப்பார்கள்; அவருக்கு 28 அல்ல, 56. தாய் சேய் அட்டையைப் பார்க்காமல் வகுத்தால், பாதி நாள் விட்டவரும் நூறு சதவீதம் வாங்கிவிடுவார்.

"மாத்திரை ஒழுங்கா போடுறீங்களா?" என்று கேட்டால் "போடுறேன்" என்றுதான் பதில் வரும். அதற்குப் பதில், "நிறைய பேருக்கு தினமும் போட முடியறதில்ல. போன வாரத்துல உங்களுக்கு எத்தனை நாள் விட்டுப்போச்சு?" என்று கேளுங்கள். அடுத்ததாக, ஏன் என்று. குமட்டல், மலச்சிக்கல், மலம் கறுப்பாகப் போவது, குழந்தை கறுப்பாகப் பிறக்கும் என்ற பேச்சு, குழந்தை பெருத்து ஆபரேஷன் ஆகிவிடும் என்ற பயம் எல்லாம் வரும். மலம் கறுப்பது இரும்பால்தான், ஆபத்தில்லை என்று சொல்லிவிட்டு வரலாம்; ஆனால் பதிலை எழுதிய பிறகு. முன்னால் விளக்கினால் நீங்கள் சொன்னதையே திருப்பிச் சொல்வார். கால்சியத்தையும் இரும்பையும் ஒன்றாகப் போடுகிறாரா, மாத்திரையோடு டீ குடிக்கிறாரா என்பதும் படிவத்தில் இருக்கட்டும். விழுங்கினாலும் உடம்பில் சேராமல் போவது அங்கேதான்.

ஹீமோகுளோபின் பார்க்கும்போது விரலைப் பிதுக்காதீர்கள். திசுநீர் கலந்து அளவு குறைத்துக் காட்டும். ஸ்பிரிட் காய்ந்தபின் குத்தி, முதல் சொட்டைத் துடைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள். கர்ப்பத்தின் நடுப்பகுதியில் ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடுவதால் அளவு தானே கொஞ்சம் இறங்கும். அதை வைத்து "மாத்திரை போடவில்லை" என்று முடிவு கட்டக்கூடாது. ஹீமோகுளோபின் 7-க்குக் கீழே (டெசிலிட்டருக்கு கிராம் கணக்கில்) காட்டினால் அன்றைய ஆய்வு வேலை அந்த வீட்டோடு நிற்கட்டும்: நர்ஸம்மாவுக்குப் போன், கையில் எழுதிய சீட்டு, அன்றைக்கே மருத்துவமனை.