எம்.ஜி.பி. எஞ்சின் அறை: தொழிற்சாலையிலிருந்து வந்த தோற்றத்தை மீட்டெடுக்கும் முறை

வெள்ளவத்தைக் கடற்காற்றில் துருவேறிக் கிடந்த எம்.ஜி.பி. என்ற என் பழைய பிரித்தானிய ஸ்போர்ட்ஸ் காரை முழுமையாகக் கழற்றிப் பூட்டிய அனுபவத்திலிருந்து இதை எழுதுகிறேன். எஞ்சினை இறக்கவும் வயர்களுக்கு அடையாளத் துண்டு கட்டவும் உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் எதையும் துடைக்காமல் படம் எடுங்கள். நான் அதைச் செய்யாமல் எஞ்சின் அறையை மணல் வீச்சுக்கு (மணலை வேகமாக வீசித் துருவையும் பழைய நிறத்தையும் உரிக்கும் வேலைக்கு) அனுப்பினேன். எந்த போல்ட் தலையில் நிறம் இருந்தது, எதில் இல்லை என்பதற்கான தடயம் அத்தனையும் ஒரே பிற்பகலில் அழிந்துபோனது. நல்லவேளையாக, கழற்றிய வாஷர்களைப் பழைய பால்மாப் பேணியொன்றில் போட்டு வைத்திருந்தேன். அவற்றின் அடிப்பக்கத்தில் உடல் நிறம் வளையமாக ஒட்டியிருந்தது. மேற்பக்கத்திலோ வெறும் உலோகப் பூச்சு மட்டுமே. 1962 முதல் 1980 வரை இந்தக் கார்கள் பூட்டப்பட்ட இங்கிலாந்தின் ஆபிங்டன் தொழிற்சாலைக்கு, நிறம் பூசி முடித்த உடற்கூடுகளே வந்து சேர்ந்தன என்பதை நினைத்தால் காரணம் விளங்கும். நிறத்துக்குப் பின் பூட்டியவை உலோக நிறத்திலேயே இருக்க வேண்டும். நிறத்துக்கு முன்பே பூட்டிய கீல்களின் போல்ட் தலைகள் உடல் நிறத்தைப் பெறும். எல்லாவற்றையும் பளபளவென்று ஒரே நிறத்தில் அடித்துவிடும் கராஜ் வேலையை என்னால் ஏற்க முடியாது.

அடுத்து போல்ட்டுகள். கொழும்பின் உதிரிப்பாகக் கடைத்தெருவான பஞ்சிகாவத்தையில் மில்லிமீற்றர் போல்ட் எளிதாகக் கிடைக்கும், ஆனால் இந்தக் காருக்கு யு.என்.எஃப். எனப்படும் அங்குல அளவு நுண்மரை வேண்டும் என்பதால் பழையவற்றைத் தூக்கி எறியாதீர்கள். துருவை நீக்க, சுழலும் கம்பித் தூரிகையைவிட எலுமிச்சை அமிலக் கரைசலையே நான் விரும்புகிறேன், ஏனெனில் தூரிகை தலையிலுள்ள எழுத்துக்குறிகளைத் தேய்த்துவிடும். பின்பு நாகப்பூச்சுக்குக் கொடுக்கலாம். மெருகேற்றும் சில்லில் பிடித்துக் கொடுத்தால் குரோமியம்போல மின்னி, காருக்குப் பொருந்தாமல் நிற்கும். பிரேக், ஸ்டியரிங், சஸ்பென்ஷன் போல்ட்டுகளை மட்டும் கொடுக்க வேண்டாம். பூச்சுத் தொட்டியில் உருவாகும் ஐதரசன் உறுதிமிக்க உருக்கினுள் புகுந்து அதை நொறுங்கச் செய்யும் என்பதால், அவற்றைப் புதிதாகவே வாங்குங்கள்.

நிறத்தைப் பொறுத்தவரை, எஞ்சின் அறையும் உடல் நிறமே. மேலே தெளிபூச்சு (நிறமற்ற பளபளப்புப் பூச்சு) வேண்டாம். தகடுகளைப் புள்ளி புள்ளியாகப் பற்றவைத்த ஸ்பொட் வெல்டின் வட்டப் பள்ளங்களையும் பட்டி வைத்து நிரப்பாதீர்கள், அவை தொழிற்சாலையின் கையெழுத்து.

பிற்சேர்க்கை: செலுலோஸ் பெயின்ட் வெண்புகைபோல மங்குவதாக இருவர் எழுதியிருந்தார்கள். தின்னர் ஆவியாகும்போது தகடு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிவதே காரணம். ஐப்பசி மாதப் பிற்பகல்களைத் தவிர்த்து, மழையில்லாத நாளில் வெயில் ஏறியபின் அடியுங்கள். மெதுவாக உலரும் தின்னரைப் பயன்படுத்துங்கள்.