குன்றுதானே என்று கிளம்பாதீர்கள்: செட்டிநாட்டுப் பக்கம் மலை சைக்கிள் ஓட்டுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

செட்டிநாடு பெரும்பாலும் சமவெளி. ஊருணி, கண்மாய், செம்மண் பொட்டல், தைலமரக் காடு என்று பரந்து கிடக்கிற பூமி. காரைக்குடியிலிருந்து மேற்கே போனால் திருப்பத்தூர் தாண்டி, சிங்கம்புணரியை நெருங்கும்போது தரை மெல்ல எழ ஆரம்பிக்கும். பிரான்மலை கண்ணில் படும். அதற்கும் அப்பால் நத்தம் பக்கம் கரந்தமலை. கொடைக்கானலைப் பார்த்த கண்ணுக்கு இவையெல்லாம் குன்றுகள்தான். புதிதாக மலை சைக்கிள் வாங்கியவர்கள் ஏமாறுவதும் அங்கேதான்.

உயரம் குறைவு என்பதால் பாதையும் சுலபம் என்று நினைத்துவிடுகிறார்கள். ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ பைன் மரக் காட்டுக்குள் ஓட்டும் வீடியோக்களைப் பார்த்துப் பழகிவிட்டு, அதே பழக்கத்தை இங்கே கொண்டுவருகிறார்கள். அந்தக் காட்டு மண் ஈரமானது, இலை மக்கி மெத்தென்று இருப்பது, டயரைப் பிடித்துக்கொள்வது. நம் பக்கம் செம்பூரான்கல் உதிர்ந்த சரளை. கெட்டித் தரைமேல் கேழ்வரகைக் கொட்டிவிட்டு அதன்மேல் நடப்பது மாதிரி இருக்கும். அங்கே பாதை தொடங்கும் இடத்தில் பச்சை வட்டம், நீலச் சதுரம், கறுப்பு வைரம் என்று கடினத்தைச் சொல்லும் பலகைகள் பல இடங்களில் உண்டு. இங்கே நாம் ஓட்டுவது ஆட்டுத் தடத்திலும் மாட்டுவண்டித் தடத்திலும். பலகை கிடையாது. மண்ணைப் படித்துத்தான் ஓட்ட வேண்டும்.

முதலில் காற்று. பஞ்சர் கடையில் கம்ப்ரசரில் 50, 60 பிஎஸ்ஐ என்று கல் மாதிரி நிரப்பிக்கொண்டு வருகிறார்கள். தார் ரோட்டில் அது நன்றாக உருளும். சரளையில் அதே டயர் ஒவ்வொரு கல்லின் மேலும் துள்ளும், பிடிப்பு போய்விடும். 65, 70 கிலோ எடையுள்ளவர், இரண்டே கால் அங்குல டயரில் டியூப் போட்டு ஓட்டினால் பின்னால் 30, முன்னால் 27, 28 என்று ஆரம்பித்துப் பார்க்கலாம். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் குறைந்த அளவுக்குக் கீழே மட்டும் போக வேண்டாம். ரொம்பக் குறைத்தால் கல்லில் மோதும்போது டியூப் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே நசுங்கி, பாம்பு கடித்தது போல இரண்டு ஓட்டை விழும். ஒரு சின்ன பிரஷர் கேஜ் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்துச் சொல்லும் கணக்கு இதற்கு உதவாது.

வால்வையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஊரில் ஓடும் சாதாரண சைக்கிளின் வால்வு வேறு. மலை சைக்கிளில் பெரும்பாலும் மோட்டார் சைக்கிள் வால்வுதான் இருக்கும், அதற்கு எந்தப் பஞ்சர் கடையிலும் காற்று பிடிக்கலாம். விலை கூடிய சைக்கிள்களில் ஒல்லியான பிரெஸ்டா வால்வு. அதற்கு அடாப்டர் இல்லாமல் போனால் பத்துக் கடை ஏறி இறங்கினாலும் காற்று கிடைக்காது.

அடுத்தது முள். சீமைக் கருவேல முள்ளைப் பற்றி இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் டியூபை மாற்றும்போது எல்லோரும் செய்யும் தவறு ஒன்று உண்டு. பஞ்சரான டியூபைக் கழற்றுவார்கள், புதுசைப் போடுவார்கள், காற்றடிப்பார்கள், கிளம்புவார்கள். கால் கிலோமீட்டரில் மறுபடி காற்று இறங்கும். முள்ளின் தலை வெளியே முறிந்துபோய், நுனி மட்டும் டயருக்குள் நின்றிருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் கறுப்புப் புள்ளி கூடத் தெரியாது. டயரின் உள்பக்கம் ஒரு துணியை வைத்து மெதுவாகச் சுற்றி இழுத்து வாருங்கள். எங்கே நூல் மாட்டுகிறதோ அங்கே முள். வெறும் விரலை விட்டுத் தடவினால் விரலில் ஏறும். பழைய டியூபில் ஓட்டை எங்கே என்று முதலில் கண்டுபிடித்து, அதை டயரோடு சேர்த்து வைத்துப் பார்த்தால் தேட வேண்டிய இடம் இன்னும் குறையும். டியூப் இல்லாத டியூப்லெஸ் டயர் போட்டு, உள்ளே ஓட்டையைத் தானே அடைக்கும் சீலன்ட் என்ற பால் போன்ற திரவத்தை ஊற்றியவர்களுக்கு இந்தத் தொல்லை ரொம்பக் குறைவு. ஆனால் நம் வெயிலுக்கு அந்தப் பால் இரண்டு மூன்று மாதத்தில் காய்ந்து தோலாகிவிடும். போன வருஷம் ஊற்றியது இந்த வருஷம் காப்பாற்றும் என்று நம்பிக்கொண்டு போகாதீர்கள்.

பிரேக்கைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும். விழுகிறவர்களில் பெரும்பாலோர் விழுவது ஏறும்போது அல்ல, இறங்கும்போது. அதுவும் வளைவில்.

என்னோடு ஓட்டும் நண்பர் ஒருவர் மலையடிவாரத்துச் சரிவில் இறங்கிவந்தார். பெரிய சரிவில்லை, மூன்று ஆள் உயரம் இருக்கும். கீழே இடப்பக்கமாக ஒரு திருப்பம். திருப்பத்துக்குள் நுழைந்த பிறகு வேகம் அதிகம் என்று தோன்றியிருக்கிறது, முன் பிரேக்கைப் பிடித்தார். முன் சக்கரம் சுற்றுவது நின்று, சரளைமேல் அப்படியே பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டு போனது. அவர் கை ஊன்றினார். கையுறை போடவில்லை. உள்ளங்கையில் கடுகு கடுகாகச் செம்பூரான் பொடிக்கல் ஏறிப்போய், பாட்டில் தண்ணீரை ஊற்றி ஊற்றி, ஊசி முனையால் ஒவ்வொன்றாக எடுக்க அரை மணிநேரம் ஆனது. அத்தனை நேரமும் அவர் பல்லைக் கடித்துக்கொண்டு கண்மாய்க் கரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இதைக் கேட்டதும் சிலர் முன் பிரேக்கையே தொடுவதில்லை என்று முடிவெடுத்துவிடுவார்கள். அது இன்னொரு தவறு. வண்டியை நிறுத்தும் பலம் பெரும்பகுதி முன் பிரேக்கில்தான் இருக்கிறது, ஏனென்றால் பிடிக்கும்போது எடை முன்னால் போகிறது. பின் பிரேக்கை மட்டும் பிடித்தால் பின் சக்கரம் உழுதுகொண்டு போகும், வண்டி நிற்காது, பாதையும் பாழாகும். திருப்பத்துக்கு முன்னால், வண்டி நேராக இருக்கும்போதே, இரண்டையும் சேர்த்துப் பிடித்து வேகத்தைக் குறைத்துவிடுங்கள். திருப்பத்துக்குள் நுழைந்தபின் விட்டுவிடுங்கள். டயருக்கு இருக்கிற பிடிப்பு ஒன்றுதான், அதைத் திரும்புவதற்குக் கொடுங்கள். டிஸ்க் பிரேக் என்றால் ஒரு விரல் போதும், நான்கு விரலால் இறுக்க வேண்டாம். புது சைக்கிளில் எந்தக் கைக்கு எந்தச் சக்கரம் என்று தள்ளிக்கொண்டே ஒருதடவை பிடித்துப் பாருங்கள். நம் ஊரில் பெரும்பாலும் வலக்கை முன் சக்கரத்துக்கு, ஆனால் மாறியும் வரும்.

இறக்கம் முழுக்க பிரேக்கை விடாமல் உரசிக்கொண்டே வருவதும் கூடாது. இந்த விளையாட்டு பிறந்த இடத்திலேயே இதற்கு ஒரு கதை இருக்கிறது. 1976 வாக்கில் கலிபோர்னியாவின் மரின் பகுதியில் பழைய கனத்த சைக்கிள்களை மலைமேல் ஏற்றி, இறக்கத்தில் போட்டி போட்டு ஓட்டினார்கள். பெடலைப் பின்னால் மிதித்தால் பிடிக்கும் பிரேக் அவற்றில் இருந்தது. கீழே வந்து சேருவதற்குள் சூட்டில் கிரீஸ் புகைந்து தீர்ந்துபோகும், மறுபடி அடைக்க வேண்டும். அதனாலேயே அந்தப் பாதைக்கு ‘ரீபேக்’, அதாவது மறுபடி அடைப்பது, என்று பெயர் வந்தது. இன்றைய டிஸ்க்கும் சூடாகும். பிடித்து விட்டு, பிடித்து விட்டு வாருங்கள்.

இறங்கும் முன் சீட்டைத் தாழ்த்த மறக்காதீர்கள். பெடல் இரண்டையும் சமமாக வைத்து, சீட்டிலிருந்து எழுந்து, முழங்கையும் முழங்காலும் மடங்கி இருக்க, பார்வை பத்தடி முன்னால் போகட்டும். முன் சக்கரத்தையே பார்த்தால் எந்தக் கல்லுக்குப் பயப்படுகிறீர்களோ அதன்மேலேயே போய் ஏறுவீர்கள். ஏற்றத்துக்கு ஒரு வார்த்தை: கியரை ஏற்றம் தொடங்கும் முன்பே மாற்றுங்கள். பாதி ஏற்றத்தில் பலம் கொடுத்து மிதிக்கும்போது மாற்றினால் செயின் அறுந்துவிடலாம். செயினுக்குத் தேங்காய் எண்ணெய் வேண்டாம், செம்மண் புழுதி அதில் ஒட்டிப் பசையாகிவிடும்.

அப்புறம், யாருடைய இடத்தில் ஓட்டுகிறோம் என்பது. வேலி இல்லாத இடமெல்லாம் பொது இடம் என்று நினைப்பதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு. காப்புக்காடு என்று கல் நட்டிருந்தால் வனத்துறை அனுமதியில்லாமல் உள்ளே போவது குற்றம். 2018 மார்ச்சில் குரங்கணி காட்டுத்தீயில் 23 பேர் இறந்த பிறகு மலையேற்றத்துக்கென்றே தனி விதிகள் வந்துவிட்டன. 2024-இல் அரசு ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்று 40 பாதைகளைத் திறந்ததும் நடந்து போகிறவர்களுக்காகத்தான், அதைக் காட்டி சைக்கிளை உள்ளே விட முடியாது. பிரான்மலையைப் பாரியின் பறம்பு மலை என்கிறார்கள். திருக்கொடுங்குன்றம் என்று சம்பந்தர் பாடிய தலம், மேலே தர்காவும் இருக்கிறது. அந்த மலை நடந்து ஏறுவதற்கு. சைக்கிளுக்கு அடிவாரத்தைச் சுற்றியுள்ள வண்டித் தடங்களே தாராளம்.

ஐயனார் கோயில்காட்டில் ஒரு சுள்ளியைக்கூட ஒடிக்காமல் தலைமுறை தலைமுறையாகக் காத்திருக்கிறார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு நுழையும் இடங்களும் உண்டு. மண்குதிரைகளுக்கு நடுவே சைக்கிளை வளைத்து வளைத்து ஓட்டிப் படம் எடுப்பது அந்த ஊர்க்காரர்கள் மனதைக் காயப்படுத்தும். ஒருநாள் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவரிடம் வழி கேட்டேன். “போங்கப்பு, கோயில் எல்லை வந்தா மட்டும் எறங்கி உருட்டிக்கிட்டுப் போங்க” என்றார். அவரே இன்னொன்றும் சொன்னார்: “அந்தப் பனைக்கு அங்கிட்டு ஒரு கெணறு, சுவரு கெடையாது.” எந்த மேப்பும் அந்தக் கிணற்றை எனக்குக் காட்டியிருக்காது. கைப்பிடிச் சுவரில்லாத கிணறும், நீர் நிறைந்த பழைய கல்குவாரியும் இந்தப் பக்கம் நிறைய.

ஐப்பசி, கார்த்திகை மழைக்கு மறுநாள் ஓட்டாதீர்கள். ஈரச் செம்மண் டயரில் அப்பி சக்கரம் சுற்றாது என்பது நம் கஷ்டம். அதைவிட முக்கியம், ஊறிய கண்மாய்க் கரையில் டயர் போட்ட பள்ளத்தில் அடுத்த மழை ஓடையாக இறங்கி கரையை அரிக்கும். அந்தத் தண்ணீரை நம்பித்தான் நடவு. கலுங்கில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தால் கணுக்கால் ஆழம்தானே என்று கடக்காதீர்கள், பாசி வழுக்கும்.

கோடையில் ஐந்தரைக்குக் கிளம்பி ஒன்பது மணிக்குள் நிழலுக்கு வந்துவிடுங்கள். மூன்று மணிநேரத்துக்கு ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர் அதிகமில்லை. வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் வேர்வையில் போன உப்பு திரும்பாது. கிளம்பும்போது நீராகாரம், பையில் ஓஆர்எஸ், திரும்பும்போது உப்புப் போட்ட மோர். தலை சுற்றினாலோ, வேர்ப்பது நின்றுபோனாலோ அதற்குமேல் ஒரு மிதி கூட வேண்டாம்.

அந்தி நேரத்தை விட்டுவிடுங்கள். பிரான்மலைப் பக்கம் காட்டுமாடு உண்டு. அது நின்று பார்த்தால் நீங்களும் நின்று, சைக்கிளை நடுவில் வைத்து, மெதுவாகப் பின்வாங்குங்கள். பாறை இடுக்கில் கை வைக்காதீர்கள், சுருட்டை விரியன் அங்கேதான் சுருண்டிருக்கும். கடித்துவிட்டால் கட்டுப் போடுவதும் கீறுவதும் வேண்டாம், அசையாமல் வைத்து 108-க்குச் சொல்லுங்கள். இருட்டிய பிறகு வயலோரம் காட்டுப்பன்றிக்காகச் சிலர் சட்டவிரோதமாக மின்வேலி போடுவதுண்டு, அது உயிரையே எடுத்துவிடும்.

வீட்டுக்கு வந்ததும் வாட்டர் வாஷ் கடையில் விட்டு பிரஷரில் அடிக்க வேண்டாம். அந்த வேகத்தில் தண்ணீர் பேரிங்குக்குள் புகுந்து கிரீஸைக் கழுவிவிடும். ஒரு வாளித் தண்ணீரும் பழைய துணியும் போதும். செயினைத் துடைத்து எண்ணெய் விடும்போது ஒரு சொட்டுகூட டிஸ்க்கில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சாயங்காலம் போய் ஒருதடவை டயரை அமுக்கிப் பாருங்கள். காலையில் ஏறிய முள் பல சமயம் அப்போதுதான் தெரியவரும்.