பாடாங் பிரவுனிலிருந்து லாங்ஃபோர்மேக்கஸுக்கு: ஸ்காட்லாந்துக் கிராமத்தில் மூன்று ராத்திரி

பினாங்கில் பாடாங் பிரவுன் திடலைத் தெரியாதவர்கள் கிடையாது, ஆனால் அங்கே நிற்கிற நினைவுச் சின்னம் யாருக்கு என்று கேட்டால் பலருக்குத் தெரியாது. டேவிட் பிரவுன் என்ற ஸ்காட்லாந்துக்காரருக்கு எழுப்பியது அது. குளுகோரில் ஜாதிக்காய், கிராம்புத் தோட்டம் போட்டவர், 1825-ல் இறந்தார். அவருடைய ஊர் லாங்ஃபோர்மேக்கஸ், எடின்பரோவுக்குத் தென்கிழக்கே லாமர்மூர் மலைகளின் அடிவாரத்தில் இருக்கிற சின்னக் கிராமம். ஸ்காட்லாந்து போகிற நம் ஆட்கள் எடின்பரோ கோட்டை, நெஸ் ஏரி, ஸ்கை தீவு என்று பஸ் ஜன்னல் வழியாகவே நாட்டைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். அதைவிட, இந்த மாதிரி ஒரே ஊரில் மூன்று ராத்திரி தங்கி, சுற்றியிருப்பதை நடந்து பாருங்கள். எத்தனை பேர் கேட்டாலும் இதைத்தான் சொல்வேன்.

முதலில் பயண விஷயம். மலேசிய பாஸ்போர்ட்டுக்கு விசா வேண்டாம், ஆனால் 2025 ஜனவரி 8 முதல் இ.டி.ஏ. என்ற முன் அனுமதி கட்டாயம். பிரிட்டிஷ் அரசாங்கத்தின் சொந்த ஆப்பிலேயே எடுத்துவிடலாம், கமிஷன் வைத்து விற்கிற இணையதளங்கள் பக்கம் போகாதீர்கள். ஒரு முறை எடுத்தால் இரண்டு வருஷம் செல்லும், அதற்குள் பாஸ்போர்ட் முடிந்தால் அதுவும் முடிந்தது. கோலாலம்பூரிலிருந்து துபாய் அல்லது தோஹா வழியாக நேரே எடின்பரோவில் இறங்குவதுதான் சுலபம். லண்டனில் வேலை இருந்தால் கிங்ஸ் கிராஸ் ஸ்டேஷனில் ரயில் ஏறி, ஸ்காட்லாந்து எல்லையோர நகரமான பெரிக் வரை வரலாம்.

அப்புறம் கார். கிராமத்துக்கு பஸ்ஸை நம்பிப் போக முடியாது, எனவே எடின்பரோவிலேயே வாடகைக்கு எடுத்துவிடுங்கள். நம் லைசென்ஸ் போதும், அங்கேயும் இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள். ஆனால் புக் பண்ணும்போதே ஆட்டோ கியர் என்று சொல்லிவிட வேண்டும், கேட்காவிட்டால் பெரும்பாலும் மேனுவல்தான் வரும். வேகப் பலகையில் இருப்பது மைல், 60 என்றால் கிட்டத்தட்ட 97 கிலோமீட்டர். மலைப்பக்கம் போனதும் சாலை ஒரே ஒரு வண்டி போகிற அகலத்துக்குச் சுருங்கிவிடும், ஆங்காங்கே ஒதுங்குவதற்கு இடம் விட்டிருப்பார்கள். எதிரே வண்டி வரும்போது அந்த இடம் உங்கள் இடப்பக்கம் இருந்தால் அதற்குள் நுழைந்து நில்லுங்கள். வலப்பக்கம் இருந்தால் குறுக்கே போகாமல் அதற்கு நேராக உங்கள் பக்கத்திலேயே நின்று, எதிரே வருகிறவரை அதற்குள் ஒதுங்க விடுங்கள். கடந்து போகும்போது ஒரு கையைத் தூக்கிக் காட்டுவது அங்கே மரியாதை. வேலி இல்லாத மேட்டு நிலத்தில் ஆடுகள் நடுச்சாலையில் படுத்திருக்கும், ஹாரன் அடிக்காமல் மெதுவாகப் போங்கள்.

தங்குவதற்குச் சமையலறை உள்ள காட்டேஜ் எடுப்பது நல்லது, கிராமத்திலோ பக்கத்திலோ. கிராமத்தில் கடை கண்ணி இருக்கும் என்று எண்ண வேண்டாம். சுமார் 7 மைலில் டன்ஸ் என்ற சிறு நகரம் இருக்கிறது, அரிசி, பால், முட்டை, பெட்ரோல் எல்லாம் அங்கேயே முடித்துக்கொண்டு வாருங்கள். வீட்டிலிருந்து மிளகாய்த்தூள், புளி, ரசப்பொடி கொண்டு போகலாம். இறைச்சி, பால் சேர்ந்த எதையும் கொண்டு போக அனுமதியில்லை, ஆகவே நெய்யும் பால்கோவாவும் வேண்டாம். பச்சைக் கறிவேப்பிலையையும் விட்டுவிடுங்கள்.

இப்போது முக்கியமான விஷயம். எடின்ஸ் ஹால் என்கிற இடத்துக்கு ஒரு முழுக் காலையை ஒதுக்குங்கள். இரும்புக் காலத்து மலைக்கோட்டைக்குள் நிற்கும் வட்டமான கல் கட்டடம் அது, இந்த வகையை புரோக் என்பார்கள். ஸ்காட்லாந்தின் வடக்கிலும் மேற்கிலும் இவை ஏராளம், தெற்கே மிக அரிது. அதனால்தான் இது இங்கே நிற்பதே ஆச்சரியம். காரை நிறுத்திவிட்டு ஒயிட்டாடர் ஆற்றை நடைபாலத்தில் கடந்து மேடேற வேண்டும், போய்வர நிதானமாக இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். டிக்கெட் இல்லை, கழிப்பறையும் இல்லை. மேலே போனதும் நடுவில் நின்று படம் எடுத்துவிட்டு இறங்கிவிடாதீர்கள். வாசலுக்கு வந்து நில்லுங்கள். சுவர் சுமார் 5 மீட்டர் தடிமன், எனவே வாசல் என்பது ஒரு சின்ன நடைவழி மாதிரி நீளும், அதன் இரண்டு பக்கமும் சுவருக்குள்ளேயே காவல் அறைகள் குடைந்திருக்கும். குனிந்து கல்லும் கல்லும் சேர்கிற இடத்தைப் பாருங்கள், சுண்ணாம்போ சாந்தோ எதுவுமே கிடையாது, கல்லின் மேல் கல்லை அடுக்கியே இத்தனை நூற்றாண்டு நிறுத்தியிருக்கிறார்கள்! சுவர் மேல் ஏறாதீர்கள், பிள்ளைகளையும் ஏற விடாதீர்கள். ஒரு கல் சரிந்தாலும் அதை யாராலும் பழையபடி வைக்க முடியாது.

டன்ஸில் ஜிம் கிளார்க் மியூசியம் இருக்கிறது. 1963, 1965-ல் ஃபார்முலா ஒன் உலகச் சாம்பியன், இந்த வட்டாரத்தில் விவசாயம் பார்த்தவர். சிப்பாங்கில் பந்தயம் பார்த்தவர்கள் கட்டாயம் போக வேண்டும், குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள் என்பதால் தேதி பார்த்துக்கொள்ளுங்கள். மெல்ரோஸ் என்ற ஊரில் இருக்கிற கிறிஸ்தவ மடம் 1136-ல் தொடங்கியது, ராபர்ட் புரூஸ் மன்னரின் இதயத்தைப் புதைத்த இடம். கூரையோரத்தில் பன்றி ஒன்று பேக்பைப் ஊதுகிற சிற்பம் இருக்கும், தேடிப் பாருங்கள். மழை நாளில் மியூசியத்தை வைத்துக்கொள்ளலாம்.

நடப்பதற்கு அங்கே சட்டமே துணை நிற்கிறது. 2003-ம் ஆண்டு நிலச் சட்டப்படி பெரும்பாலான நிலத்தில் யாரும் பொறுப்போடு நடக்கலாம். பொறுப்போடு என்றால், நீங்கள் திறந்த கேட்டை நீங்களே மூட வேண்டும், ஏப்ரல், மே மாதங்களில் குட்டி போட்ட ஆடுகளை விட்டு விலகிப் போக வேண்டும். புதர்ச்செடிகளுக்குள் உண்ணி இருக்கும், முழு பேன்ட் போட்டு அதை சாக்ஸுக்குள் செருகிக்கொள்ளுங்கள். நம் காட்டு அட்டை மாதிரி குடித்துவிட்டுத் தானாக விழட்டும் என்று விடக் கூடாது, லைம் நோய் வரலாம். நுனி மெலிந்த இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுங்கள்.

எந்த மாதம் என்றால் என் ஓட்டு ஜூனுக்கு. ராத்திரி பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும், டிசம்பரில் நாலு மணிக்கு முன்னாலேயே இருட்டிவிடும். ஆகஸ்ட் கடைசியில் மலை முழுக்க ஊதாப் பூ பூத்துக் கிடக்கும், அதுவும் அழகுதான், ஆனால் ஆகஸ்ட் 12 முதல் கௌதாரி வகைப் பறவை வேட்டை தொடங்கிவிடும் என்பதால் நடக்கப் போகுமுன் ஊர்க்காரர்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஜூனிலும் குளிரும், மழைக்கோட்டு கட்டாயம்.

மியூட்டினி ஸ்டோன்ஸைக் கடைசி நாளுக்குத் தள்ளாதீர்கள். புதிய கற்காலத்தில் குவித்த கற்குவியல் அது, நீளம் 80 மீட்டருக்கு மேல், ஊருக்கு மேற்கே மேட்டு நிலத்தின் நடுவில் கிடக்கிறது. கடைசிப் பகுதியில் பாதையே தெளிவாக இருக்காது, போன் சிக்னலை நம்ப முடியாது, ஆகவே லாமர்மூர் மலைகளுக்கான காகித வரைபடத்தை வாங்கிக்கொள்ளுங்கள். மூடுபனி இறங்கினால் எவ்வளவு பக்கத்தில் வந்திருந்தாலும் திரும்பிவிட்டு மறுநாள் காலை போங்கள். மூன்று ராத்திரி தங்கச் சொன்னது இதற்காகவும்தான்.