பயிற்சி நாட்களுக்கு ஊதிய இழப்பீடு: ‘சும்மாதான் இருக்கேன்’ என்று எழுதாதீர்கள்

சேரன்மகாதேவி, அம்பாசமுத்திரம், மேலப்பாளையம் பக்கம் தொழிற்பயிற்சிக்கு ஆள் சேர்க்கும் முகாம் நடந்தால் விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கப் போவேன். இப்போது கல்லூரிப் பிள்ளைகள் நிறைய பேர் உதவிக்கு வருகிறார்கள். வேகமாக எழுதுகிறார்கள், பெரியவர்களிடம் பொறுமையாகப் பேசுகிறார்கள். ஆனால் பல வருஷமாக நாங்கள் திருத்திக்கொண்டிருக்கும் அதே பிழைகள் மறுபடியும் வருகின்றன. புகைப்படம் ஒட்டவில்லை, கையெழுத்து விட்டுப்போனது, ஜெராக்ஸ் தெளிவில்லை என்பதையெல்லாம் முகாம் மேசையிலேயே யாராவது பார்த்துச் சொல்லிவிடுவார்கள். ஊதிய இழப்பீடு, அதாவது பயிற்சிக்கு வந்ததால் விட்டுப்போன கூலிக்கு ஈடாகத் தரும் பணம், கிடைக்காமல் போகச் செய்யும், யாரும் பார்த்துச் சொல்லாத பிழைகளைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எல்லாப் பயிற்சிக்கும் இழப்பீடு உண்டு என்று சொல்வது

கிடையாது. கிராமப்புற சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்களில் பயிற்சி, சாப்பாடு, தங்குமிடம் இலவசம். விட்டுப்போன கூலிக்கு ஈடாகப் பணம் தருவது அங்கே பொதுவாக இல்லை. பட்டியல் இனத்தவர், பிற்படுத்தப்பட்டோர் போன்றவர்களுக்கான ஒன்றிய அரசின் பிஎம்-தக்ஷ் திறன் பயிற்சித் திட்டத்தில் தொழிலைப் புதிதாகக் கற்க வருபவருக்கு மாதம் 1,000 முதல் 1,500 ரூபாய் வரை உதவித்தொகை என்று வைத்திருந்தார்கள். ஏற்கெனவே தொழிலில் இருந்து திறனைக் கூட்டிக்கொள்ள வருபவருக்கு ஊதிய இழப்பீடாக 3,000 ரூபாய் என்று இருந்தது. நெசவு, கைவினைத் தொழில்களுக்கான சமர்த் திட்டத்தில் நாளுக்கு 300 ரூபாய் கொடுத்திருக்கிறார்கள். கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் வழியாக நடந்த திறன் பயிற்சிகளுக்கு நாளுக்கு 800 ரூபாய் அறிவிக்கப்பட்டது. எந்தத் திட்டத்தில் விண்ணப்பிக்கிறோம் என்று தெரியாமல் ‘கவர்மெண்டுல பணம் தருவாங்க’ என்று பொதுவாகச் சொல்லி ஆள் சேர்க்காதீர்கள்.

‘தொழில்’ என்ற கட்டத்தில் ‘இல்லை’ என்று எழுதுவது

எனக்கு இன்றுவரை ஆறாத கோபம் இதில்தான்.

பத்தமடையில் ஒரு முகாம். அறுபதை நெருங்கும் ஒரு பெரியம்மாவிடம் உதவிக்கு வந்த பெண் கேட்டாள்: “பெரியம்மா, என்ன வேலை பாக்கீங்க?” அவர் சொன்னார்: “வேலை எங்க தாயி, சும்மாதான் இருக்கேன். வீட்டுல பாய் முடையுதேன், அவ்வளவுதான்.” அந்தப் பெண் ‘இல்லத்தரசி’ என்று எழுதிவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டாள்.

சின்ன வயதிலிருந்து கோரை கிழித்து, காயவைத்து, ஊறவைத்து, பாவு கட்டி நெய்கிற கை அது. புவிசார் குறியீடு வாங்கிய பத்தமடைப் பாய் இந்த மாதிரி வீடுகளிலிருந்துதான் வருகிறது. அவர் அதை வேலை என்று சொல்லவில்லை, எழுதியவளும் வேலையாக எடுத்துக்கொள்ளவில்லை. விளைவு, அவரைத் தொழில் தெரியாதவர்களுக்கான பிரிவில் போட்டுவிட்டார்கள். கோரையை எப்படிக் கிழிப்பது என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். கூட வந்த பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு ஊதிய இழப்பீடு வந்தது. இவருக்கு வரவில்லை. விசாரிக்கப் போனால், அவர் கையெழுத்துப் போட்ட விண்ணப்பத்தையே எடுத்துக் காட்டினார்கள். அதில் ‘இல்லத்தரசி’ என்றுதான் இருந்தது. மேலே பேச ஒன்றும் இல்லை.

வேலைக்குப் போகாமல் பயிற்சிக்கு வந்ததால் விட்டுப்போன கூலியைத் தருவதற்குத்தான் ஊதிய இழப்பீடு. எனக்குக் கூலி இல்லை என்று நாமே எழுதிக் கொடுத்தால், ஈடு செய்ய அவர்களுக்கு என்ன இருக்கிறது? ஏழை என்று காட்டினால் சீக்கிரம் கிடைக்கும் என்று நினைத்து, வேலையே இல்லை என்று எழுதச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். வேறு சில திட்டங்களுக்கு அது சரியாக இருக்கலாம், இங்கே அது உரிமையை நாமே வெட்டிக்கொள்வது.

ஆண்களிடம் இந்தப் பிழை பெரும்பாலும் வராது. வாரத்தில் ரெண்டு நாள் மட்டும் வேலை கிடைக்கும் ஆளும் ‘கொத்தனார்’ என்று தயங்காமல் சொல்வார். முக்கூடலிலும் மேலப்பாளையத்திலும் காலையில் சமையல் முடித்து, சுளகை (முறத்தை) மடியில் வைத்து ராத்திரி வரை பீடி சுற்றும் பெண்கள்தான் ‘சும்மா இருக்கேன்’ என்பார்கள். பக்கத்தில் நிற்கும் வீட்டுக்காரரும் ‘அவ வீட்டுலதான் இருக்கா’ என்பார். அதனால் ‘என்ன வேலை?’ என்று கேட்காதீர்கள். ‘காலையில எந்திரிச்சதுல இருந்து என்னெல்லாம் செய்வீங்க? போன வாரம் யாருகிட்ட இருந்து காசு வந்துச்சு?’ என்று கேளுங்கள். தொழில் தானாக வெளியே வரும்.

வந்ததை முழுசாக எழுதுங்கள். ‘பாய் நெசவு, வீட்டிலேயே, இத்தனை வருஷமாக, இன்ன வியாபாரிக்கு’. கைவினைப் பொருட்கள் மேம்பாட்டு ஆணையர் அலுவலகம் தரும் கைவினைஞர் அட்டை இருந்தால் அதன் நகல், பீடி சுற்றுபவர் என்றால் பீடித் தொழிலாளர் அடையாள அட்டை, மற்றவர்களுக்கு நல வாரிய அட்டை. அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கு ஒன்றிய அரசு தரும் இ-ஷ்ரம் அட்டையில் என்ன தொழில் பதிவாகியிருக்கிறது என்று கட்டாயம் பாருங்கள். 2021 ஆகஸ்டில் அது தொடங்கியபோது வரிசையில் நின்றவர்களுக்கெல்லாம் விசாரிக்காமல் ‘விவசாயக் கூலி’ என்று பதிந்த இடங்கள் உண்டு. விண்ணப்பத்தில் ஒன்று, அட்டையில் ஒன்று என்றால் சந்தேகம் வரத்தான் செய்யும். தொழிலைப் பிறகு திருத்திக்கொள்ள அதில் வழி இருக்கிறது. இன்னொன்று, பி.எஃப். பிடிக்கும் கம்பெனிக்குப் பீடி சுற்றுபவர்கள் இ-ஷ்ரமில் சேர முடியாது. அவர்களுக்கு பி.எஃப். விவரமும் பீடி அட்டையுமே போதுமான ஆதாரம்.

ஒரு பயம் எல்லா ஊரிலும் வருகிறது. ‘வேலை பாக்கேன்னு எழுதினா ஆயிரம் ரூபா நின்னுபோகும்’. 2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகைக்குக் குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும் என்பது போன்ற விதிகள்தான் உண்டு. பாய் முடைகிற, பீடி சுற்றுகிற பெண்ணுக்கு அது கிடையாது என்று எங்கும் இல்லை. இதைப் பொறுமையாக உட்கார்ந்து சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அவர்கள் பயத்தில் மறுபடியும் ‘இல்லை’ என்றே எழுதச் சொல்வார்கள்.

ரேகை பதியாத நாளை விட்டுவிடுவது

பிஎம்-தக்ஷ் விதிப்படி 80 சதவீத வருகை இருந்தால்தான் பணம் என்று இருந்தது. பல பயிற்சிகளில் வருகை விரல் ரேகையில்தான் பதிவாகிறது. கோரையும் பீடி இலையும் சிமெண்டும் ரேகையைத் தேய்த்துவிடும். கருவி எடுக்காத அன்று, ‘சரி, நாளைக்குப் பாத்துக்கலாம்’ என்று போய் உட்கார்ந்துவிடுகிறார்கள். கணக்கில் அந்த நாள் வராத நாள்தான். அன்றைக்கே பயிற்றுநரிடம் சொல்லி எழுத்தில் பதிய வைக்க வேண்டும். அதைவிட நல்லது, பயிற்சிக்கு முன்பே ஆதார் மையத்தில் ரேகையையும் கருவிழியையும் புதுப்பித்துக்கொள்வது.

கொடுத்த பாஸ்புக்குக்கே பணம் வரும் என்று நம்புவது

ஆதார் வழியாக அனுப்பும் பணம், கடைசியாக எந்த வங்கிக் கணக்கில் ஆதாரை மானியத்துக்காக இணைத்தீர்களோ அங்கேதான் போகும். நீங்கள் நகல் கொடுத்த கணக்குக்கு வர வேண்டும் என்பதில்லை. எப்போதோ தொடங்கி மறந்த ஜீரோ பேலன்ஸ் கணக்கு முடங்கிக் கிடந்தால் பணம் திரும்பிவிடும். எந்த வங்கியில் இணைந்திருக்கிறது என்பதை ஆதார் இணையதளத்திலேயே பார்க்கலாம்.

நல வாரியப் பதிவைப் புதுப்பிக்காமல் விடுவது

5 ஆண்டுக்கு ஒருமுறை. அட்டையைத் திருப்பித் தேதியைப் பாருங்கள்.

இடைத்தரகருக்குக் காசு கொடுப்பது

கொடுக்காதீர்கள்.

பயிற்சி முடிந்தபிறகு கேட்பது

முதல் நாளே கேட்க வேண்டும். என்னை எந்தப் பிரிவில் சேர்த்திருக்கிறீர்கள், புதியவரா, தொழிலில் இருப்பவரா? பட்டியலில் உங்கள் பெயரையும் அதற்கு எதிரே உள்ள தொழிலையும் உங்கள் கண்ணால் பாருங்கள். படிக்கத் தெரியாது என்றால் பக்கத்தில் இருப்பவரை வாசிக்கச் சொல்லுங்கள். தப்பாக இருந்தால் அன்றைக்கே எழுதிக் கொடுத்து, ஒரு நகலில் தேதியோடு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். வகுப்பு பாதி ஓடியபிறகு பிரிவை மாற்ற யாரும் முன்வருவதில்லை.